முதிர்வுத் தேதிகள் எல்லாம் ஒரே நாளில் வரக் கூடாது

கேள்வி:

"எனக்கு 60 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, கடந்த செப்டம்பர் மாதம் ஓய்வு பெற்றேன். பிஎஃப், கிராஜுவிட்டி, லீவ் சரண்டர் எல்லாம் சேர்ந்து வந்த 68 லட்சம் ரூபாய் மூன்று மாதமாகச் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. பிஎஃப் பென்ஷன் மாதம் 4,200 ரூபாய் வருகிறது. சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. மனைவிக்கு 57 வயது, வேலைக்குப் போகவில்லை. மாதச் செலவு 42,000 ரூபாய் ஆகிறது. வட்டி இறங்கிக்கொண்டே வருவதால், மொத்தத்தையும் 10 வருட எஃப்டியில் இப்போதே போட்டுவிடச் சொல்கிறார் வங்கி மேலாளர். வரி வரும், பாதியை மனைவி பெயருக்கு மாற்று என்கிறார் என் அண்ணன். டிடிஎஸ் பிடிக்காமல் இருக்க ஐந்து வங்கிகளில் பிரித்துப் போடு என்கிறார் நண்பர். 20 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறான் மகன். தெரிந்தவர் ஒருவர் 12 சதவீதம் வட்டி தரும் ஃபைனான்ஸ் ஒன்றைக் காட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

பதில்:

ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னதால் நீங்கள் எதையும் செய்யாமல் விட்டுவிட்டீர்கள். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. பெரிய வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு இப்போது 2.5 சதவீதம்தான் வட்டி. 68 லட்சத்தை 6.5 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால்கூட மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வந்திருக்கும். மூன்று மாதத்தில் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டு வருத்தப்பட வேண்டாம். இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் பாதி பயம் அதைப் பற்றியதுதான், அது தேவையில்லாத பயம்.

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி எதுவும் இல்லை. உங்கள் 68 லட்சமும் 8.2 சதவீதத்தில் இருந்தால்கூட ஆண்டு வட்டி ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். பென்ஷன் ஆண்டுக்கு 50,400. அதைச் சம்பளமாகவே சட்டம் கருதுகிறது என்பதால், 75,000 ரூபாய் வரையிலான நிலையான கழிவில் அது முழுவதும் அடிபட்டுப் போகும். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் வரி பூஜ்யம்தான். ஆகவே வரிக்காக உங்கள் பணத்தை இங்கிருந்து அங்கே நகர்த்த ஒரு காரணமும் இல்லை.

அண்ணன் சொல்லும் வழி வரி வரும் ஆளுக்கே பயன்படாது. கணவன் மனைவிக்குக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி, கணவன் வருமானத்தோடுதான் சேரும். இந்த விதி பல காலமாக இருக்கிறது. பலர் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். மனைவி பெயரில் பணம் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு நல்ல காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

டிடிஎஸ் விஷயத்தில் நண்பர் குழம்பியிருக்கிறார். டிடிஎஸ் தனி வரி கிடையாது, முன்கூட்டியே பிடித்து வைக்கும் தொகை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் அதைப் பிடிப்பார்கள்; 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 50,000. அதையும் தவிர்க்க, எனக்கு வரி வராது என்று எழுதிக் கொடுக்கும் 15எச் படிவம் இருக்கிறது. கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஆண்டுக்கு ஒரு முறை, முதல் வட்டி வருவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். தள்ளுபடிக்குப் பின் வரி பூஜ்யம் என்றால் மூத்த குடிமக்கள் அதில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். இந்த ஆண்டு மட்டும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாங்கிய சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 12 லட்சத்துக்குள் இருந்தால் சரி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. அதன் பிறகு வங்கியில் கேட்கும்போது பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டாம் என்று அர்த்தமில்லை. புதிய முறையில் அடிப்படை விலக்கு நான்கு லட்சம்தான். வருமானம் அதைத் தாண்டினால் தள்ளுபடியில் வரி போய்விட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். நீங்கள் தாண்டுவீர்கள், போடுங்கள். முன்கூட்டிய வரி கட்டும் தொல்லை மட்டும், தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு இல்லை.

சரி, வரி முடிந்தது. வட்டிக்கு வருவோம்.

வட்டி இறங்குகிறது என்று மேலாளர் சொன்னது உண்மை. ரிசர்வ் வங்கி 2025இல் மட்டும் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை நான்கு தவணையில் குறைத்திருக்கிறது. ஆனால் இதே விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறங்கி, 2022 மே மாதத்திலிருந்து ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5ஐத் தொட்டது. மூன்று வருடத்துக்குள் பாதாளத்துக்கும் போய் மேலேயும் வந்துவிட்டது. அடுத்த பத்து வருடம் எப்படிப் போகும் என்று மேலாளருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் 68 லட்சத்தையும் ஒரே நாளில் கட்டக் கூடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் 20 லட்சத்தை 7.25 சதவீதத்துக்கு இரண்டு வருட எஃப்டியாகப் போட்டிருந்தார். மாதம் 12,083 ரூபாய் வந்துகொண்டிருந்தது. ரசீது ஒன்றே ஒன்றுதான். லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். 2020 நவம்பரில் அது முதிர்ந்தபோது வங்கியில் 5.5 சதவீதம். அதே 20 லட்சத்துக்கு மாதம் 9,166 ரூபாய். ஒரே மாதத்தில் வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. அவர் தப்பான வங்கிக்கும் போகவில்லை, தப்பான திட்டத்திலும் போடவில்லை. முழுப் பணமும் ஒரே தேதியில் முதிர்ந்தது, அந்தத் தேதி மோசமாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான். அதிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் யார் வந்தாலும் என்ன வட்டி என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்தத் தேதியில் முதிர்கிறது என்றுதான் கேட்கிறேன்.

இப்போது உங்கள் 68 லட்சம்.

முதல் 30 லட்சத்தை, யோசிக்காமல், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். தபால் அலுவலகத்திலும் முக்கிய வங்கிகளிலும் கணக்குத் தொடங்கலாம். ஒரு நபருக்கு உச்ச வரம்பே 30 லட்சம்தான். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதத்திலேயே நிற்கிறது. அரசு ஒவ்வொரு காலாண்டும் விகிதத்தை மறுபரிசீலனை செய்யும். ஆனால் நீங்கள் போடும் நாளில் உள்ள விகிதம் ஐந்து வருடத்துக்கும் உங்களுக்கு உறுதி. வட்டி இறங்கும் காலத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? 8.2 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி எஃப்டியை முதலில் பேசும் மேலாளர் யாருடைய இலக்கை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இதில் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் 61,500 ரூபாயாக வரும். அதாவது மாதம் 20,500. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருவதால் முதல் மாதமே கை தாராளமாகிவிடும், மூன்றாம் மாதம் இழுக்கும். அதற்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதிலிருந்து மாதம் 20,500 மட்டும் வீட்டுக் கணக்குக்கு வரும்படி நிரந்தரக் கட்டளை கொடுத்துவிடுங்கள். சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய நிம்மதி. ஒரு எச்சரிக்கை: ஒரு வருடத்துக்குள் கணக்கை முடித்தால் வட்டியே கிடையாது, கொடுத்ததையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதம் போகும், அதற்குப் பிறகு ஒரு சதவீதம். அவசரப் பணத்தை இங்கே வைக்காதீர்கள்.

அடுத்த 15 லட்சம், தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில், நீங்களும் மனைவியும் கூட்டுக் கணக்காக. தனிக் கணக்கு என்றால் 9 லட்சம்தான் வரம்பு, கூட்டாக 15 லட்சம். வட்டி 7.4 சதவீதம், மாதம் 9,250 ரூபாய். மனைவி பெயரில் பணம் இருக்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் வரி அல்ல. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் எந்தச் சான்றிதழுக்கும் அலையாமல் மறுமாதமே பணம் எடுக்க முடிய வேண்டும். எஃப்டிகளையும் அப்படியே, இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் போடுங்கள். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். மூன்று வருடம் கழித்து மனைவிக்கு 60 ஆனதும் அவர் பெயரிலும் தனியாக மூத்த குடிமக்கள் கணக்கு தொடங்க முடியும், அவருக்கும் தனியாக 30 லட்சம் வரம்பு. அப்போதைய வட்டி விகிதத்தைப் பார்த்து, முதிரும் எஃப்டிகளை அங்கே மாற்றலாம்.

மூன்றாவதாக 15 லட்சம், வங்கி எஃப்டியில். ஒரே ரசீதாக வேண்டாம். மூன்று லட்சமாக ஐந்து ரசீது: ஒரு வருடம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வருடம். முதலாவது முதிர்ந்ததும் அதை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். இப்படியே போனால் ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு ரசீதுதான் கைக்கு வரும். ஏணி மாதிரி. அடுத்த வருடம் வட்டி 6.5லிருந்து 5.5க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரசீதில் ஒன்று மட்டும் அடிபடும், மாதம் 250 ரூபாய் குறையும். ஒரே ரசீதாக இருந்து அந்த நேரத்தில் முதிர்ந்திருந்தால் மாதம் 1,250. ஏறினாலும் அப்படித்தான், ஒவ்வொரு வருடமும் ஒரு பகுதி புதிய வட்டியைப் பிடிக்கும். இதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் போகும் என்று யூகிக்கும் வேலையே இல்லாமல் போகிறது, அதுதான் லாபம். நடுவில் ஏதாவது செலவு வந்தால் ஒரு ரசீதை மட்டும் உடைக்கலாம், மற்ற நான்கும் வட்டி இழக்காது.

வட்டியை எடுத்துக்கொள்ளும் வகையிலேயே போடுங்கள். வட்டி சேர்ந்துகொண்டே போகும் எஃப்டியில், பணம் கைக்கு வராவிட்டாலும் அந்தந்த வருடத்து வட்டியை அந்தந்த வருடமே ரிட்டர்னில் காட்ட வேண்டும். பலர் முதிரும் வருடத்தில் மொத்தமாகக் காட்டுகிறார்கள்; வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வேறு கணக்கு இருக்கும், ஒத்துப்போகாது.

பல வங்கிகளில் பிரித்துப் போடு என்று நண்பர் சொன்னதற்கு இங்கே ஒரு நியாயம் கிடைக்கிறது. காரணம்தான் தப்பு, யோசனை சரி. ஒரு வங்கி மூழ்கினால் வைப்புக் காப்பீட்டில் ஒரு நபருக்கு ஒரு வங்கியில் கிடைப்பது, முதலும் வட்டியும் சேர்த்து, ஐந்து லட்சம்தான். 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. பெரிய பொதுத்துறை வங்கி என்றால் நான் இதற்காக அலையச் சொல்ல மாட்டேன். கூட்டுறவு வங்கி, சிறு நிதி வங்கி என்று அரை சதவீதம் கூடுதலுக்குப் போவதாக இருந்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டாமல் போடுங்கள். வரி சேமிக்கும் எஃப்டி என்று ஒன்றைக் கவுன்ட்டரில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பழைய வரி முறையில் உள்ளவர்களுக்கானது. உங்களுக்கு ஐந்து வருடம் உடைக்க முடியாத பூட்டு மட்டும்தான் மிஞ்சும்.

ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். இப்போது 8.05 சதவீதம் கிடைக்கிறது. ஆனால் அந்த விகிதம் ஜனவரியிலும் ஜூலையிலும் மாறக்கூடியது, ஏழு வருடப் பத்திரம், உங்கள் வயதில் ஆறு வருடம் கழித்துத்தான் வெளியே வர முடியும். வட்டி இறங்கும் என்று பயப்படுபவர் வட்டி மாறும் பத்திரத்தில் போய் ஏன் உட்கார வேண்டும்?

மாத வருமானம் இப்போது எவ்வளவு ஆயிற்று? மூத்த குடிமக்கள் திட்டம் 20,500, மாத வருமானத் திட்டம் 9,250, ஏணி எஃப்டிகள் சராசரி 6.5 சதவீதம் என்றால் 8,125, பென்ஷன் 4,200. கூட்டினால் 42,075. செலவு 42,000. கனகச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் இந்த வருடத்துக்கு மட்டும்தான்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், உங்கள் 42,000 ஐந்து வருடத்தில் 56,200 ஆகும், பத்து வருடத்தில் 75,200 ஆகும். வட்டி வருமானமோ அசையாது. அடுத்த வருடம் கொஞ்சமாகத் துண்டு விழும், மூன்றாம் வருடத்தில் நன்றாகவே தெரியும். இங்கேதான் நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டியைத்தான் தின்ன வேண்டும், முதலைத் தொட்டால் குடும்பமே போச்சு என்பது போல நினைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. 31 வருடம் உழைத்துச் சேர்த்தது செலவு செய்யத்தான். மூன்றாம் வருடத்திலிருந்து, முதிரும் மூன்று லட்ச ரசீதை முழுதாகப் புதுப்பிக்காமல், அந்த வருடத்துக்குத் துண்டு விழும் தொகையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் போடுங்கள். ஏணி இதற்கும் உதவுகிறது. மகனுக்கு வீடு இருக்கிறது, அது போதும்.

மீதி எட்டு லட்சம். அதில் நான்கு லட்சம் அவசரத்துக்கு, எப்போது வேண்டுமானாலும் உடைக்கும்படி குறுகிய கால எஃப்டியில். கடைசி நான்கு லட்சத்தை மகன் சொன்னபடி மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். அவன் சொன்ன 20 லட்சம் அல்ல. ஏழெட்டு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிந்த பணம் மட்டும்தான் பங்குச் சந்தைக்குப் போகலாம், உங்களிடம் அப்படி இருப்பது இவ்வளவுதான். ஒரே நாளில் போடாமல் ஒரு வருடத்தில் பிரித்துப் போடுங்கள். பங்கு சார்ந்த ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்கும் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம் வரி உண்டு. இதற்கு நான் மேலே சொன்ன 12 லட்சத் தள்ளுபடி பொருந்தாது. விற்கும்போது வருடத்துக்குக் கொஞ்சமாக விற்றால் அந்த வரியும் வராது.

12 சதவீத ஃபைனான்ஸ் வேண்டாம். அதற்கு மேல் விளக்கமும் வேண்டாம். இப்படி ஏமாந்தவர்களுக்காகவே 1997இல் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அதன் கீழ் வழக்குப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்கள் என்னிடமும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரிந்தவர் ஒருவர்தான் காட்டியிருந்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும், செப்டம்பரிலேயே போயிருக்கும். நீங்கள் சொன்ன 42,000இல் பிரீமியம் சேர்ந்ததாகத் தெரியவில்லை. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதால் செலவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. இருவருக்கும் சேர்த்து விசாரியுங்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பிரீமியம் எவ்வளவு என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். மூத்த குடிமக்கள் கணக்கையும் மாத வருமானக் கணக்கையும் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கிவிடலாம். மீதி 23 லட்சத்தைப் பிரிப்பதை மட்டும் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு மாற்றித் தருகிறேன்.